வாடைக் காற்றில் படுத்திருந்த வீரன்

சென்ற செமஸ்டரில் ஆங்கில இலக்கிய வகுப்பில் வில்ஃப்ரெட் ஓவனின் ‘எக்ஸ்போஷர்’ என்ற கவிதையைப் படித்தோம். முதல் உலகப் போரில் பனியில் படுத்துக் கிடக்கும் சிப்பாய்களைப் பற்றியது அது. குண்டு பாய்ந்து சாவதைப் பற்றி அதில் அதிகம் இல்லை. குளிர்தான் அங்கே முதல் எதிரி. வகுப்பு முடிந்ததும் என் அருகில் அமர்ந்திருந்த மலாய்த் தோழி கேட்டாள்: “தமிழில் இப்படிப் போர்க் கவிதை இருக்கிறதா? சிப்பாய் நடுங்குவதை, மனம் உடைவதை எல்லாம் எழுதியிருக்கிறார்களா?”

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “எங்கள் போர்க் கவிதைகளில் யாரும் நடுங்க மாட்டார்கள். சிரித்துக்கொண்டே சாவார்கள்” என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கிள்ளானுக்குத் திரும்பும் கொமுட்டர் ரயிலில் அந்தப் பதில் என்னை உறுத்தத் தொடங்கியது. பெருமையாகச் சொன்னேனா, கேலியாகச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. சொன்னது உண்மைதானா என்பதும் தெரியவில்லை.

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரியும். படிவம் நான்கில் படித்தபோது ‘தமிழரின் வீரம்’ என்ற தலைப்பில் பேச்சுப் போட்டியில் கலந்துகொண்டேன். புறநானூற்றுத் தாய்மார்களைப் பற்றி முழங்கினேன். மகன் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்டு, வாளோடு போர்க்களத்துக்கே போய் உடலைத் தேடிப் பார்த்த தாய். முதல் நாள் தந்தையையும் மறுநாள் கணவனையும் போரில் இழந்தபின், தன் ஒரே மகனுக்குத் தலைவாரி வேல் கொடுத்து அனுப்பிய தாய். நடுவில் கலிங்கத்துப்பரணியையும் சேர்த்துக்கொண்டேன். கையை ஓங்கினேன், குரலை உயர்த்தினேன், கைதட்டல் கிடைத்தது. கோப்பை இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அந்தத் தாயின் மகன் எத்தனை நாள் பட்டினி கிடந்தான், இரவில் எங்கே படுத்தான், பயந்தானா என்ற கேள்வி அன்று எனக்கு எழவே இல்லை. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

இதைப் படிக்கும் மாணவ நண்பர்கள் பலருக்கும் இதே அனுபவம் இருக்கும் என்று நினைக்கிறேன். செய்யுளும் மொழியணியும் மனனம் செய்கிறோம். வீரம் என்றால் என்ன எழுத வேண்டும் என்று நமக்குத் தெரியும். போர் என்றால் என்ன என்று தெரியாது.

ஓவனுக்குத் தெரிந்திருந்தது. 1893இல் பிறந்த அவர் பிரிட்டிஷ் இராணுவத்தில் இளம் அதிகாரியாக இருந்தார். 1917ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிரான்சில் அவருடைய பிரிவு திறந்த வெளியில், பனியில் படுத்துக் கிடந்தது. தம் ஆட்களில் ஒருவர் குளிரில் உறைந்தே இறந்துபோனதைத் தாயாருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். அந்த இரவுகள்தான் பிறகு ‘எக்ஸ்போஷர்’ ஆயின. அந்தக் கவிதையில் வரும் சிப்பாய்கள் தாக்குதலுக்காகக் காத்திருக்கிறார்கள். ஒன்றும் நடப்பதில்லை. காற்று மட்டும் குத்துகிறது. கனவில் வீட்டுக்குப் போகிறார்கள், அங்கேயும் கதவுகள் அவர்களுக்கு மூடியே இருக்கின்றன. எதற்காக இங்கே கிடக்கிறோம் என்ற கேள்வி மெல்ல மெல்ல அவர்களைத் தின்கிறது. 1918 நவம்பர் 4ஆம் தேதி ஓவன் கொல்லப்பட்டார். வயது 25. ஒரு வாரம் கழித்துப் போர் நின்றது.

அந்தப் போரின் முதல் குளிர்காலத்தில் பிரான்சில் நடுங்கியவர்கள் ஐரோப்பியர்கள் மட்டுமல்ல. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் இந்தியச் சிப்பாய்கள் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். போதிய குளிராடை இல்லாமலேயே அகழிகளுக்குள் அனுப்பப்பட்டார்கள். பஞ்சாபியரும் கட்வாலியரும் கூர்க்காக்களும் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தார்கள். அந்தத் தணிக்கைக்காக எடுத்த பகுதிகள்தாம் இன்று அவர்களுடைய குரலாக நமக்கு எஞ்சியிருக்கின்றன. அவர்களுக்கு ஓர் ஓவன் இல்லை. ஒரு தணிக்கை அதிகாரி இருந்தார்.

சரி, தோழியின் கேள்விக்கு வருகிறேன். தமிழில் இருக்கிறதா?

இருக்கிறது. அதன் பெயர் எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் வெட்கம். ‘நெடுநல்வாடை – நக்கீரர் – பத்துப்பாட்டில் ஒன்று – 188 அடிகள்.’ பள்ளியில் இவ்வளவையும் மனனம் செய்திருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. உரையோடு மெதுவாகப் படிக்க எனக்கு நான்கு இரவுகள் பிடித்தன.

அந்தப் பாட்டு போர்க்களத்தில் தொடங்கவில்லை, மழையில் தொடங்குகிறது. கூதிர்க் காலம், அதாவது ஐப்பசி, கார்த்திகை. விடாத மழையால் வெள்ளம் வருகிறது. மாடு மேய்க்கும் கோவலர்கள் பழகிய இடத்தை விட்டு, மேட்டு நிலம் தேடி மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். இடத்தை விட்டு வந்த வருத்தத்தோடு நெருப்பைச் சுற்றி நின்று கைகளைக் காய்ச்சுகிறார்கள். அப்படியும் பல் கிட்டி நடுங்குகிறது. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. மரத்திலிருந்து பறவைகள் விழுகின்றன. பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். நம் நாட்டில் பனி கிடையாது. குளிர் என்றால் நமக்குக் கேமரன் மலை, இல்லாவிட்டால் விரிவுரை மண்டபத்தின் ஏர்கோன். ஓவனின் பனியை நான் கற்பனையில்தான் பார்க்க முடியும். ஆனால் இந்தக் கோவலர்களை நான் பார்த்திருக்கிறேன். 2021 டிசம்பர் வெள்ளத்தில், ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். கிள்ளானிலும் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த இரவில் நனைந்த உடையோடு மேட்டு நிலம் தேடிப் போனவர்களைக் கேளுங்கள். வெப்ப நாட்டிலும் உடம்பு நடுங்கும் என்று சொல்வார்கள். நக்கீரர் எழுதியது அந்தக் குளிரைத்தான். ஐரோப்பாவின் பனிக்குளிரைவிட இந்த ஈரக் குளிர் நமக்கு நெருக்கமானது.

பிறகு பாட்டு நகரத்துக்குள் வருகிறது. வீடுகளில் சாளரங்களை அடைத்துவிட்டார்கள். விசிறிகள் வேலையின்றித் தொங்குகின்றன. குளிர்ந்த நீரை யாரும் தொடுவதில்லை, நெருப்புச் சட்டியின் அருகே அமர்ந்திருக்கிறார்கள். இரை தேடப் போகாத புறாக்கள் கால் மாற்றி மாற்றி நிற்கின்றன. அரண்மனையில் அரசி அணிகலன் களைந்து, உறக்கமின்றிக் கண்ணீர் வடிக்கிறாள். கணவன் போரிலிருந்து சீக்கிரம் வெற்றியோடு திரும்ப வேண்டும் என்று பெண்கள் வேண்டிக்கொள்கிறார்கள்.

கடைசியில்தான் பாசறை வருகிறது. நள்ளிரவு. வாடை வீச வீச விளக்குகளின் சுடர் சாய்ந்து எரிகிறது. மழையில் நனைந்த குதிரைகள் சேற்றுத் தெருவில் நின்று உடம்பை உதறுகின்றன. அரசன் தூங்கவில்லை. வேப்பந்தழை கட்டிய வேலைப் பிடித்த ஒருவன் முன்னே சென்று காயம்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் காட்ட, அரசன் பின்னால் நடக்கிறான். நழுவும் மேலாடையை ஒரு கையால் இடுக்கிக்கொள்கிறான். மழைத் துளி படாமல் குடை பிடிக்கிறார்கள். அங்கேயே பாட்டு முடிந்துவிடுகிறது. வெற்றி விழா இல்லை. முரசு இல்லை. ஒரு மனிதன் இரவில் நடந்து காயங்களைப் பார்க்கிறான். அவ்வளவுதான்.

பத்துப்பாட்டில் இதற்குத் துணையாக இன்னொரு பாட்டும் உண்டு. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு, 103 அடிகள், பத்தில் மிகச் சிறியது. அங்கும் ஓர் அரசன் பாசறையில் தூக்கமின்றிக் கிடக்கிறான். ஒரு கை படுக்கையில், ஒரு கை தலையைத் தாங்கியபடி. புண்பட்ட யானைகளையும், வெட்டுண்டு பாம்புபோல் புரளும் துதிக்கைகளையும், உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்த வீரர்களையும், அம்பு தைத்துச் செவி சாய்த்து உணவு மறுக்கும் குதிரைகளையும் நினைத்துக்கொண்டிருக்கிறான். தொல்காப்பியத்தின் வாகைத் திணையிலும் கூதிர்ப் பாசறைக்கு ஓர் இடம் உண்டு. ஆகவே குளிரில் நடுங்கும் படை முகாம் தமிழ்க் கவிதைக்குப் புதிதல்ல. பழகிய பொருள் அது. அதற்குப் பழகாமல் போனவர்கள் நாம்தான்.

இத்தோடு நிறுத்தி, ‘ஓவனுக்கு முன்பே நக்கீரர் எழுதிவிட்டார்’ என்று மார்தட்டிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் அதுவும் பழைய பேச்சுப் போட்டியாகவே ஆகிவிடும். நெடுநல்வாடையை நேர்மையாகப் படித்தால் ஒரு சங்கடம் வரும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அந்தப் பெயருக்கு நாம் படிக்கும் விளக்கம் இதுதான்: பிரிந்திருக்கும் அரசிக்கு அது நெடிய வாடை, போரில் வெல்லும் அரசனுக்கு நல்ல வாடை. ஆகவே நெடுநல்வாடை. தேர்விலும் இப்படியே எழுதி மதிப்பெண் வாங்கினோம். இப்போது என் கேள்வி: வெட்டுக்காயத்தோடு ஈரத் தரையில் படுத்திருந்தானே அந்த வீரன், அவனுக்கு அது என்ன வாடை? அவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அங்கும் ஒருத்தி தூங்காமல் இருந்திருப்பாள். அவளுடைய சாளரத்தைப் பாட்டு நமக்குக் காட்டவில்லை. அவன் பேசுவதும் நம் காதில் விழவில்லை. அரசன் அவனைப் பார்க்கிறான், நாம் அரசனைப் பார்க்கிறோம்.

ஓவனின் கவிதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஓவன் படுத்துக் கிடந்தவர்களில் ஒருவர். ‘எதற்காக?’ என்று கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. நக்கீரர் புலவர், அரசனின் மேன்மையைச் சொல்ல வந்தவர். வேலில் கட்டிய வேம்பு பாண்டியனுக்கு உரிய பூ என்பதால் இதை அகம் என்று சொல்ல முடியாது, புறம்தான் என்று நச்சினார்க்கினியர் கொள்கிறார். அதாவது ஒரு குறிப்பிட்ட மன்னனின் புகழ் அதில் கலந்திருக்கிறது. ஆனாலும் புகழ் பாட வந்த புலவர் போரில் எதைக் காட்டத் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள். வெட்டிய தலைகளை அவர் எண்ணிக் காட்டவில்லை. தூக்கத்தை விட்டுவிட்டு மழையில் போய்க் காயம்பட்டவனைப் பார்ப்பதே தலைவனுக்குப் பெருமை என்று காட்டினார். அது சிறிய விஷயமல்ல. அதே நேரத்தில் அது முழு விஷயமும் அல்ல.

என் பழைய தமிழாசிரியரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் சொன்னதை இங்கே மறைக்க விரும்பவில்லை. “இந்த நாட்டில் நாம் சிறுபான்மை. தோட்டத்தில் குனிந்து வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு நிமிர்ந்து நிற்க ஏதாவது வேண்டாமா? அதற்குத்தானய்யா வீரத்தைச் சொல்லிக் கொடுக்கிறோம். அதையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?” என்று கேட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கவலையோடுதான் கேட்டார். அந்தக் கவலை நியாயமானது. பிற இன நண்பர்கள் நிறைந்த மேடையில் முதல் தடவை தமிழனாக நிமிர்ந்து நின்றபோது எனக்கும் அந்தப் புறநானூற்றுத் தாய்தான் துணைக்கு வந்தாள்.

ஆனாலும் அவருக்கு நான் சொன்ன பதில் இது. குளிரே இல்லாத இடத்தில் நடுங்காமல் நிற்பது வீரமல்ல. எவ்வளவு குளிர், எவ்வளவு பயம், எவ்வளவு சோர்வு என்று தெரிந்தால்தான், அதற்குப் பிறகும் ஒருவன் எழுந்து நின்றதன் எடை நமக்குத் தெரியும். நடுக்கத்தை நீக்கிவிட்டு வீரத்தை மட்டும் கற்றுக்கொண்டால் இன்னொரு கெடுதலும் உண்டு. நம் வீட்டில் ஒருவர் நடுங்கும்போது அதை நம்மால் அடையாளம் காண முடியாது. இதை நான் எங்கள் வீட்டிலேயே கற்றேன்.

என் பாட்டியின் அப்பா, அதாவது என் கொள்ளுத் தாத்தா, காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து பர்மா வரை போய்த் திரும்பியவர். வீட்டில் அவரைப் பற்றி ஒரே வாக்கியம்தான் சொல்வார்கள்: ‘நேதாஜி படையில் இருந்தவர்.’ படிவம் நான்கில் என் பேச்சின் முடிவில் அவரையும் சேர்த்து, கைதட்டல் வாங்கினேன். நெடுநல்வாடையைப் படித்த பிறகுதான் பாட்டியிடம் போய், “தாத்தா அங்க என்ன பட்டாருன்னு எப்பவாவது சொன்னாரா?” என்று கேட்டேன்.

“சண்டையப் பத்தி ஒன்னும் சொன்னதில்லைய்யா. மழ வந்தா மட்டும் தூங்க மாட்டாரு. கம்பளியப் போத்திக்கிட்டு விடியிற வரைக்கும் உக்காந்திருப்பாரு. வேர்த்து ஊத்தும், கம்பளிய எடுக்க மாட்டாரு. நாங்கெல்லாம் சின்னப் பிள்ளைங்க, சிரிப்போம்” என்றார் பாட்டி. பிறகு சற்று நேரம் பேசவில்லை. “சிரிச்சிருக்கக் கூடாது” என்றார்.

வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு, மலாயாவின் தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணி படையில் பெண்களும் சேர்ந்தார்கள். 1944 மார்ச்சில் தொடங்கிய இம்பால் போர் ஜூலையில் பின்வாங்கலில் முடிந்தது. கொட்டும் பருவமழை, சேறு, உணவும் மருந்தும் போதாத நிலை, மலேரியா, வயிற்றுப்போக்கு. துப்பாக்கியைவிட இவையே அதிகம் வதைத்தன. அடுத்த ஆண்டு பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கும் இவையே வழித்துணை.

மலேரியாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கிருமிகள் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டு வெளியேறும் நேரத்தில்தான் உடம்பு தூக்கிப் போடுகிறது. முதலில் குளிர் நடுக்கம், பிறகு கொதிக்கும் காய்ச்சல், பிறகு வேர்வை. மலேரியாவின் ஒரு வகையில் இது இரண்டு நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். நம் முன்னோர் இதற்கு வைத்த பெயர் குளிர்க்காய்ச்சல். பனியே பார்க்காத நாட்டில் பிறந்த என் கொள்ளுத் தாத்தாவும் போரில் குளிரைத்தான் சந்தித்திருக்கிறார். கிள்ளானின் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டக் கொட்டக் கம்பளி போர்த்தியிருந்தவரின் உடம்புக்கு அது நினைவில் இருந்தது. அவருக்கு ஓவனும் இல்லை, நக்கீரரும் இல்லை. சிரித்த பிள்ளைகள் இருந்தார்கள். கைதட்டல் வாங்கிய கொள்ளுப்பேரன் இருந்தான்.

அவரைப் போன்றவர்களை நம் எழுத்தாளர்கள் முற்றிலும் மறந்துவிடவில்லை. அ. ரெங்கசாமியின் ‘இமயத் தியாகம்’ இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த நம்மவர்களைப் பற்றிய நாவல். அதே போர்க் காலத்தில் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்த சயாம் – பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்ட தோட்டத் தமிழர்களைப் பற்றி, அவருடைய ‘நினைவுச் சின்னம்’, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ ஆகிய நாவல்கள் பேசுகின்றன. அவர்கள் சிப்பாய்கள் அல்லர். ஆனாலும் அதே மழையில், அதே காய்ச்சலில் கிடந்தவர்கள். என்னோடு படித்த எத்தனை பேர் இந்த நாவல்களைப் படித்திருக்கிறோம்? நானே இந்த ஆண்டுதான் படித்தேன்.

ஆகவே என் கருத்தை மூன்று வேண்டுகோளாகச் சொல்கிறேன்.

முதலாவது, போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்கும் தமிழ்க் கழகங்களுக்கும். ‘தமிழரின் வீரம்’ என்ற தலைப்பை நீக்க வேண்டாம். அதனோடு ‘பாசறையில் ஓர் இரவு’ என்று ஒரு தலைப்பையும் கொடுத்துப் பாருங்கள். வாளோடு போன தாயை மாணவன் பேசட்டும். அவள் தேடிய உடலைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேசட்டும்.

இரண்டாவது, என்னைப் போல இருமொழியில் படித்த மாணவர்களுக்கு. போரின் துயரத்தை ஆங்கிலத்திலும் பெருமையைத் தமிழிலும் படிக்கும் பழக்கத்தை விட்டுவிடுவோம். அப்படிப் படித்தால் ஆங்கிலம் சிந்திக்கும் மொழி, தமிழ் முழங்கும் மொழி என்று நமக்குள்ளேயே ஒரு எண்ணம் ஊறிவிடும். உரையோடு படித்தால் நெடுநல்வாடைக்கு நான்கு இரவுகள், முல்லைப்பாட்டுக்கு இரண்டு. ஒரு தொடர் நாடகத்துக்கு நாம் செலவிடும் நேரத்தைவிடக் குறைவு.

மூன்றாவது, எல்லாருக்கும். வீட்டில் பாட்டி இருந்தால் போய்க் கேளுங்கள். ‘எந்தப் படையில் இருந்தார்?’ என்று கேட்டால் ஒரு வாக்கியம்தான் கிடைக்கும். ‘ராத்திரி எப்படித் தூங்குவார்? எதைச் சாப்பிட மாட்டார்? எதற்குப் பயப்படுவார்?’ என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து, தேதியும் ஊரும் எழுதி வையுங்கள். போரைப் பார்த்தவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் படுத்துறங்கிய பிள்ளைகள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். நமக்கு மிஞ்சியிருப்பது அவர்கள்தாம்.

சென்ற வாரம் அந்த மலாய்த் தோழியிடம் என் பதிலைத் திருத்திச் சொன்னேன். நக்கீரரின் பாசறையைச் சொன்னேன். அரசன் பார்த்ததையும், பார்க்கப்பட்டவன் பேசாததையும் சொன்னேன். கொள்ளுத் தாத்தாவின் கம்பளியையும் சொன்னேன். அவள் இந்த முறை சிரிக்கவில்லை. “எங்கள் தாத்தாவும் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். போய் என் பாட்டியைக் கேட்கிறேன்” என்றாள்.

அன்று இரவு கிள்ளானில் நல்ல மழை. பாட்டி எழுந்து போய்ச் சாளரத்தைச் சாத்தினார். நான் அவருக்கு வரக்கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, கைப்பேசியில் பதிவை அழுத்தி, அடுத்த கேள்வியைக் கேட்டேன்.